கொல்லைப்புறத்திலிருந்து லக்ஷ்மியைப் படிப்பது

லக்ஷ்மி நாவல் படிக்கிற பொம்பளைகளைக் கிண்டல் பண்ணுவது நம் தோழர்களிடமும் இருக்கிற பழக்கம். ‘அழுவாச்சிக் கதை’ என்று தள்ளிவிடுவார்கள். சிறுபத்திரிகைக்காரர்கள் அதை வெகுஜனக் குப்பை என்றார்கள். தூய இலக்கியம் பேசியவர்கள் இலக்கியமே இல்லை என்றார்கள். நம்மவர்களோ ‘அக்ரகாரத்து எழுத்து’ என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்தார்கள். படிக்காமலே தீர்ப்பு எழுதியதில் மட்டும் மூன்று தரப்புக்கும் ஒற்றுமை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்ப் பெண்கள் லட்சக்கணக்கில் எதைப் படித்து, எதற்கு அழுது, எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று தெரியாமல் இந்தச் சமூகத்தின் மனசைப் பற்றி நாம் என்ன பேசிவிட முடியும்?

முதலில் அந்த அம்மாவின் வாழ்க்கையைப் பார்ப்போம். இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921ல் திருச்சி வட்டாரத்து அம்மாபேட்டையில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது படிப்புச் செலவுக்கு வழியில்லாமல் போனது. ஆனந்த விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசனிடம் போய், கதை எழுதித் தருகிறேன், அந்தப் பணத்தில் படித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். 1940ல் ‘தகுந்த தண்டனையா?’ என்ற சிறுகதை வந்தது. பிறகு ‘பவானி’ வந்தது. தொடர்மேல் தொடராக எழுதி டாக்டரானார். எழுத்தை விற்றுப் படிப்பை வாங்கிய பெண் அவர். பொழுதுபோகாமல் எழுதியவர் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அதே 1940ஐ நம் பக்கத்திலிருந்தும் பார்க்கணும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் கால்வைத்தது 1939 ஜூலையில். ஒரு கோயில் வாசலைத் தாண்டுவதே சரித்திரச் சம்பவமாக இருந்த காலம் அது. ஒரு ஏழைப் பெண் பத்திரிகை அதிபரின் வாசலுக்குப் போய் ‘நான் எழுதுகிறேன், பணம் கொடுங்கள்’ என்று கேட்டது துணிச்சல்தான். அப்படிக் கேட்பதற்கே சேரிப்பெண்ணுக்கு எழுத்து தெரிந்திருக்கணும், அந்தத் தெருவில் நடக்க முடியணும், உள்ளே விடணும். வறுமை இரண்டு பேருக்கும் பொது என்று சொல்வது பாதி உண்மை. அவர் வறுமைக்கு ஒரு கதவு இருந்தது. நம் வறுமைக்குச் சுவர் மட்டும்தான்.

லக்ஷ்மி எங்கள் குடிசைக்குள் வந்த வழியைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். எங்கம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சது. திருவண்ணாமலையில் கோயிலைச் சுத்தியிருக்கிற தெரு ஒன்றில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்ச்சது. அந்த வீட்டில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி அடுக்கி வைத்திருந்தார்கள். செல்லரித்துப்போனதைப் பழைய பேப்பருக்குப் போட எடுத்து வைத்தபோது அம்மா ஒரு கட்டைக் கேட்டு வாங்கிவந்தது. அந்தக் கட்டு வந்தது கொல்லைப்பக்கக் கதவு வழியாகத்தான். முன்வாசல் வழியாக அம்மா அந்த வீட்டுக்குள் போனதே கிடையாது.

ராத்திரி விளக்கு வைத்து அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கும். பக்கத்து வீட்டு ஆயா, சித்தி எல்லாம் வந்து உட்காரும். கல்யாணம் நின்றுபோகிற இடத்தில் எல்லோருக்கும் கண் கலங்கும். மாமியாரை ஆயா திட்டித் தீர்க்கும். ஒருநாள் படித்துக்கொண்டே வந்த அம்மா நிறுத்திவிட்டுக் கேட்டது: “ஏண்டி, இவ்ளோ பெரிய வூடு, இத்தினி பேரு துன்றாங்க. பாத்திரம் யாரு தேச்சா?” எம்.ஏ. தமிழில் எனக்குத் தொல்காப்பியம் முதல் அமைப்பியல் வரை சொல்லிக்கொடுத்தார்கள். வெகுஜன நாவலை எங்கே பிடித்துக் கேள்வி கேட்பது என்று சொல்லிக்கொடுத்தது அம்மாதான்.

அந்தக் கேள்வியோடு லக்ஷ்மியைப் படித்துப் பாருங்கள். அவருடைய கதைகளின் மையம் வீடு. கூடம் உண்டு, மாடியறை உண்டு, சமையல்கட்டு உண்டு. வேலைக்காரி காபி கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டுக் கதையைவிட்டே போய்விடுவாள். கதாநாயகியின் துக்கத்துக்குப் பத்துப் பக்கம் என்றால் இவளுக்கு ஒரு வரி. அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், எந்தக் கதவு வழியாக வருகிறாள், எந்தத் தம்ளரில் குடிக்கிறாள் என்பது கதைக்குத் தேவைப்படாத விவரம். சாதியின் பெயரே வராது. பெயர் வராததால் சாதி இல்லை என்று அர்த்தமில்லை. ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள்ளேயே சாதி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

‘பெண் மனம்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 1963ல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், கருணாநிதி வசனத்தில் ‘இருவர் உள்ளம்’ படமாக வந்து தமிழ்நாடே பார்த்த கதை. பணக்கார வீட்டு விளையாட்டுப் பிள்ளை. அவனை நம்ப மறுக்கும் படித்த பெண். அவளுக்கு விருப்பமில்லாத கல்யாணம். பிறகு அவன் திருந்தியதை அவள் ஏற்கிற மனமாற்றம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. தாலி கட்டியவனாக இருந்தாலும் உன்னை நம்பமாட்டேன் என்று நிற்கிற பெண்ணை 1940களில் எழுதியது சின்ன காரியமில்லை. அந்த மறுப்பைத்தான் எங்கள் குடிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மறுப்பு கடைசியில் கணவன் வீட்டுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. வீட்டுக்கு வெளியே ஒரு பெண் மனம் உண்டா? வயலில், செங்கல் சூளையில், பஸ் ஸ்டாண்டுப் பூக்கடையில்? அந்த மனத்துக்கு நாவலில் இடம் ஒதுக்கப்படவில்லை.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவில் மார்கரெட் மிட்செல் 1936ல் எழுதிய ‘கான் வித் தி விண்ட்’ லட்சக்கணக்கில் விற்றது, 1937ல் புலிட்சர் பரிசு வாங்கியது. அடிமை வைத்திருந்த பண்ணைவீட்டின் அழிவை நினைத்து உலகத்தையே அழவைத்த நாவல். அந்த வீட்டுச் சமையல்கட்டில் நின்ற கறுப்பினப் பெண்ணுக்கு அதில் சொந்தப் பெயர்கூடக் கிடையாது, ‘மாமி’தான். 1939ல் வந்த படத்தில் அந்த வேடம் போட்ட ஹாட்டி மெக்டேனியல் 1940ல் ஆஸ்கர் வாங்கினார். விழா அரங்கில் அவருக்குச் சுவரோரமாகத் தனி மேஜை போட்டார்கள். மிட்செல் கெட்டவரில்லை. மோர்ஹவுஸ் கல்லூரிக் கறுப்பின மாணவர்கள் மருத்துவம் படிக்க வெளியே தெரியாமல் பணம் கொடுத்தவர். நல்ல மனசு வேறு. எழுத்து யாரை நடுவில் உட்காரவைக்கிறது, யாரை ஓரத்தில் நிறுத்துகிறது என்பது வேறு. கறுப்பினத்தவர் அந்த நாவலைக் குப்பையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 2001ல் ஆலிஸ் ராண்டல், மாமியின் மகள் வாயிலாக அதே கதையைத் திருப்பி எழுதினார். மிட்செலின் வாரிசுதாரர்கள் தரப்பு வழக்குப் போட்டது. மேல்முறையீட்டில் தடை நீங்கி நூல் வெளிவந்தது.

நமக்கும் அப்படி ஒரு வேலை காத்திருக்கிறது. லக்ஷ்மியின் வாழ்க்கையே அதற்கு இடம் கொடுக்கிறது. 1955ல் தென்னாப்பிரிக்கத் தமிழர் கண்ணபிரானை மணந்து அந்நாட்டுக்குப் போனார். 1977ல் திரும்பினார். தோல் நிறத்தை வைத்து இன்னார் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று 1950லேயே சட்டம் போட்டிருந்த நாடு அது. ஊர், சேரி என்று நம்மூரில் சட்டமில்லாமலே நடப்பதை அங்கே சட்டம் போட்டு நடத்தினார்கள். 22 வருஷம் அதற்குள் வாழ்ந்தவர் அவர்.

அந்த மண்ணுக்குத் தமிழர்கள் எப்படிப் போனார்கள்? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் போய் நின்றது. 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனவர்கள் ஏராளம். போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு எல்லாம் அன்றைக்கு அந்த ஜில்லா; இன்றைக்கு எங்கள் மாவட்டம். கப்பல் பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தார்கள். சாதி என்ற இடத்தில் பறையர் என்று எழுதப்பட்டவர்கள் அதில் நிறைய. நம் பாட்டன் பாட்டிகளின் பெயரை வெள்ளைக்காரன் கணக்குப்பிள்ளை எழுதினான். தமிழ் நாவல் எழுதவில்லை. லக்ஷ்மிக்குப் பேர் வாங்கித் தந்த குடும்பக் கதைகளின் கூடத்தில் இந்தத் தழும்புகளுக்கு இடம் இருந்ததில்லை.

‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984ல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. தமிழில் 1973ல் ராஜம் கிருஷ்ணனுக்குப் பிறகு ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அப்போதுதான். 1987ல் லக்ஷ்மி இறந்தார். 1989ல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ வந்தது; 1992ல் பாமாவின் ‘கருக்கு’. கொல்லைப்பக்கம் நின்றவர்கள் பேனா எடுத்த வருஷங்கள் இவை. லக்ஷ்மி இல்லாவிட்டால் இவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். ஆனால் பெண் எழுதி அந்தக் காசில் வாழலாம், பெண்ணின் கதையைப் பெண்களே கூடி உட்கார்ந்து படிக்கலாம் என்ற பழக்கத்தை வீடுவீடாகக் கொண்டுபோனவர்களில் லக்ஷ்மிக்கு இடம் உண்டு. அந்த இடத்தை மறுப்பதும் பொய்.

தோழர்களுக்கு, குறிப்பாகக் கல்லூரியில் படிக்கிற தங்கச்சிகளுக்கு ஒரு யோசனை. படிப்பு வட்டங்களில் ‘பெண் மனம்’ படியுங்கள். லக்ஷ்மியின் தன்வரலாறு ‘கதாசிரியையின் கதை’யையும் படியுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் யார் பாத்திரம் தேய்த்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம் போளூர்ப் பக்கம், ஆரணிப் பக்கம் போய், கப்பலேறிப் போய்த் திரும்பாத சனங்களைப் பற்றிப் பெரியவர்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கேட்கக் கேட்கச் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.