சாயமிட்ட கை யாருடையது?

கவிதைக்கும் கதைக்கும் திறனாய்வு எழுதுவோர் நம்மிடையே பலர் உளர். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் எழுதுவோர் சிலர் உளர். துணிக்கு எழுதுவோரைக் காண்பது அரிது. நாள்தோறும் உடுத்துகிறோம், தொட்டுப் பார்த்து விலை பேசுகிறோம், திருநாளுக்கும் திருமணத்துக்கும் பட்டு எடுக்கிறோம். ஆயினும் ஒரு துணியைப் படைப்பாக எண்ணி, இது நன்று, இது குறையுடையது, காரணம் இது என்று எடுத்துரைக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் முயற்சியாக, மிகச் சிறியதொரு துணியை இங்கு எடுத்துக்கொள்கிறோம். துணி வடிவமைப்புப் பயிலும் மாணவ மாணவியர் தம் கையாலேயே சாயமேற்றி, திரையச்சிட்டு உருவாக்கும் பட்டுக் கழுத்துக்குட்டையே அது. ஸ்கார்ஃப் என்றால் இளையோருக்கு உடனே விளங்கும்.

தென்சென்னைப் புறநகர் மக்களுக்கு இப்பொருள் அயலானது அன்று. தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1995ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவின் நெசவுக்கூடம் இருக்கிறது. தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரிப் பகுதிகளிலிருந்து இத்தகைய கல்விக்குச் செல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்களை அனுப்பும் பெற்றோர் பலருக்கு உள்ளூர ஓர் ஐயமும் உண்டு. சாயத்தொட்டியில் துணியை நனைப்பதற்கு ஒரு பட்டப்படிப்பு எதற்கு? அது கூலிவேலை அல்லவா? இந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கலை உயர்ந்தது, கைத்தொழில் தாழ்ந்தது என்ற பழைய பிரிவினைதான் அந்த ஐயத்தின் வேர். அப்பிரிவினை சரிதானா என்பதே நம் கேள்வி.

பட்டு கற்பிக்கும் பாடம்

முதலில் அக்குட்டை எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்போம். பட்டுப்புழு தன் கூட்டை நூற்கும்போது செரிசின் என்னும் பசையையும் சேர்த்தே நூற்கிறது. கச்சாப் பட்டின் எடையில் நான்கில் ஒரு பங்குவரை இப்பசையாக இருக்கும். சோப்பு நீரில் காய்ச்சி அதை நீக்கினாலன்றி, பட்டுக்குப் பளபளப்பும் வராது, சாயமும் சீராகப் பற்றாது. பட்டு புரத இழையாதலால், அமிலச் சாயங்கள் அதற்கு நன்கு பொருந்தும். வினிகர் கலந்த சாயநீரில் துணியை இட்டு, சூட்டை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். கொதித்துப் பொங்கினால் பட்டின் ஒளி மங்கும். துணியை இடைவிடாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை சற்று ஓய்ந்தாலும் திட்டு விழும். ஒரே மாணவி, ஒரே சாயப்பொடியை, ஒரே அளவில் இரண்டு நாள் கரைத்தாலும் இரண்டு நாள் நிறமும் முற்றிலும் ஒத்திருப்பது அரிது.

திரையச்சு வேறு வகைக் கல்வி. மான்செஸ்டர் நகரத்துச் சாமுவேல் சைமன் என்பவர் 1907இல் காப்புரிமை பெற்ற முறையில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணியே சல்லடையாக அமைந்தது. இன்று அவ்விடத்தைப் பாலியெஸ்டர் வலை பிடித்துக்கொண்டது. வலையின் மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, கோலம் விழவேண்டிய இடம் மட்டும் திறந்திருக்குமாறு செய்கிறார்கள். பசையோடு குழைத்த சாயத்தை அதில் ஊற்றி, ரப்பர் விளிம்புள்ள கட்டையால் ஒரே அழுத்தத்தில் இழுக்கிறார்கள். ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். மூன்று வண்ணமெனில் மூன்று சட்டம். அவற்றுள் ஒன்று மயிரிழை விலகினாலும் பூவின் சிவப்பு காம்பின் மேல் ஏறிவிடும். உலர்ந்த துணியை ஆவியில் வேகவைத்துச் சாயத்தை நிலைப்படுத்திய பிறகே பசையை அலசி நீக்கலாம்.

ஆக, ஒரே குட்டையில் இருவேறு இயல்புகள் சந்திக்கின்றன. கைச்சாயம் ஒருமுறை வந்ததை மறுமுறை அப்படியே தராது. திரையச்சோ வந்ததையே திரும்பத் திரும்பத் தரும். நல்ல கழுத்துக்குட்டையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று கேட்டு விடை சொல்கின்றன. அடித்துணியில் நீலம் தடித்தும் மெலிந்தும் ஓடும் இடத்தைக் கண்டு, அச்சுக்கோடு அங்கே ஒதுங்கி நிற்கும். தேவையான இடத்தில் மட்டும் அழுத்தமாக விழும்.

குறையுள்ள குட்டைகளையும் கூறத்தான் வேண்டும். கணினியில் வரைந்த படத்தைத் தாளில் அச்சிடுவது போலவே பட்டிலும் அச்சிட்டு, அரும்பாடுபட்டு ஏற்றிய சாயத்தை முற்றிலும் மறைத்துவிடுவது ஒரு குறை. மற்றொன்று இதனினும் பெரிது. கழுத்துக்குட்டை விரித்துப் பார்ப்பதற்காக ஆனது அன்று. மடித்து, முறுக்கி, முடிந்து அணிவது. அணிந்தபின் வெளியே தெரிவன ஒரு மூலையும் இரண்டு மடிப்புகளுமே. கண்காட்சிச் சுவரில் தொங்கும்போது கண்ணைப் பறிக்கும் குட்டை, கழுத்தில் ஏறியவுடன் பொருளற்ற வண்ணத் துணுக்காகிவிடுவதுண்டு. அதை வரைந்தவர் துணியை மறந்து சுவரை நினைத்தார் என்பதே நம் தீர்ப்பு. சுவரில் மாட்டுவதே உயர்ந்தது என்ற எண்ணம் அவர் கையையும் ஆட்டிவைக்கிறது.

மெழுகு வாங்கித் தந்த நிலம்

இவ்வெண்ணம் நம் புறநகரிலேயே ஒரு பெரிய முயற்சியின் வரலாற்றில் பதிந்திருக்கிறது. எழும்பூர் அருகே உள்ள இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் 1850இல் தொடங்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் கைத்தொழிலே அங்கு முதன்மை பெற்றிருந்தது. 1957இல் அதன் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977), தம் மாணவர்கள் படிப்பை முடித்தபின் ஓவியத்தைக் கைவிட்டு வேறு வேலை தேடுவதைக் கண்டு வருந்தினார். அவர் கண்ட வழி எளியது. நாளின் ஒரு பகுதியில் விற்பனைக்கான கைவினைப் பொருள்கள் செய்வது. எஞ்சிய நேரத்தில் எவருக்கும் அடிமைப்படாமல் ஓவியம் தீட்டுவது. அதற்கெனக் கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. அவர்கள் செய்தவற்றுள் பெரிதும் விலைபோனது பாத்திக். மெழுகால் கோலமிட்டு, மெழுகு படாத இடத்தில் சாயம் ஏற்றும் முறை அது. அத்தகைய விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, 1966இல் திருவான்மியூருக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கினர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் இவ்வாறு எழுந்தது.

அரசின் மானியத்தையும் செல்வரின் தயவையும் நம்பாமல், சாயம் படிந்த கைகளால் தமக்கென ஓர் ஊரைக் கட்டிக்கொண்ட கலைஞர்கள் உலகில் வெகு சிலர். பணிக்கரின் துணிவை எவ்வளவு போற்றினாலும் தகும். எனினும் அத்திட்டத்தின் உள்ளே ஒரு பிளவு இருந்தது. பாத்திக் வயிற்றுக்கு, ஓவியம் உயிர்க்கு என்ற பாகுபாடு அது. ஓவியங்கள் விலைபோகத் தொடங்கியதும் மெழுகுச் சட்டி பின்னுக்குப் போயிற்று. இன்று சென்னை ஓவிய இயக்கம் பற்றிப் பேசுவோர் கோட்டின் ஆட்சியையும் குறியீடுகளையும் விரிவாகப் பேசுகின்றனர். பாத்திக்கோ, நிலம் வாங்கிய கதையைச் சொல்லும்போது மட்டும் தலைகாட்டி மறைகிறது. அவ்வியக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் போற்றும் அருங்காட்சியகம் ஒன்று 2009இல் அக்கிராமத்தில் திறக்கப்பட்டது. அதே 2009இல்தான் யுனெஸ்கோ, இந்தோனேசியாவின் பாத்திக்கை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் மறதியின் அளவு புலப்படும்.

ஓவியர் கைத்தொழிலை விட்டதைக் குற்றமாகக் கூறவில்லை. ஒரே கோலத்தை நூறு துணியில் இடுவது எந்தக் கையையும் சோர்வடையச் செய்யும். சோர்ந்த கை ஓய்வு கேட்பது நியாயமே. நாம் குறை கூறுவது திறனாய்வாளரை. துணியில் விழுந்த மெழுகுக் கோட்டை எளிதில் அழித்து எழுத இயலாது. முதலில் வெளிர்நிறம், பின்னரே அடர்நிறம் என்ற ஒழுங்கை மீறவும் இயலாது. இத்தகைய கட்டுப்பாட்டில் ஆண்டுக்கணக்கில் பழகிய கைகள், ஓவியத்தில் கோட்டையே நம்பி நின்றதில் வியப்பு உண்டா? பணிக்கரிடம் பயின்ற ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் போன்றோர் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவமைப்புச் செய்தவர்கள். துணி அவர்களுடைய ஓவியத்துக்கு என்ன கொடுத்தது என்பதை விரிவாக ஆராய்வார் வேண்டும்.

1742ஆம் ஆண்டு மடல்

பாத்திக் சாவகத்துச் சரக்கு, நமக்கு இரவல் என்று சொல்வாருண்டு. 1927இல் தாகூர் சாவகம் சென்று வந்தபின் சாந்திநிகேதன் வழியாக அது இந்தியக் கலைப்பள்ளிகளில் பரவியது என்பது உண்மையே. ஆனால் மெழுகிட்டுச் சாயம் தடுக்கும் நுட்பம் இக்கடற்கரைக்குப் புதிதன்று. ஓவியர் கிராமம் தன் பெயராகக் கொண்ட சோழமண்டலக் கரை, வண்ணப் பருத்தித் துணிக்கு உலகப் புகழ் பெற்ற கரை. சாவகத்துக்கும் இத்துணி கப்பலேறியது; ஐரோப்பாவுக்கும் ஏறியது. அங்குள்ள நெசவாளர் தாங்க மாட்டாமல், பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் தடைச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

அத்தடை பிரான்சில் நீடித்த காலத்தில், நம் நாட்டில் பணியாற்றிய சேசு சபைத் துறவி கெர்தூ அடிகளார், 1742இல் தம் தாயகத்துக்கு ஒரு மடல் விடுத்தார். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்துப் பக்குவப்படுத்துவது, சாயவேரால் சிவப்பேற்றுவது, நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடுவது என ஒவ்வொரு படியையும் அதில் விளக்கினார். அறிவியல் வரலாற்றில் அம்மடலுக்குத் தனி இடம் உண்டு. இவற்றை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? அவரிடம் திருமுழுக்குப் பெற்ற சாயத்தொழிலாளர்கள். கெர்தூ அடிகளாரின் பெயர் நிலைத்தது. கற்பித்தவர் பெயர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில் நுட்பத்தைத் தம் ஞானத்தந்தையிடம் நம்பி ஒப்படைத்தவர்கள் அவர்கள். அதனால் பயன்பெற்றது ஐரோப்பியத் தொழில். அடிகளாரின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அம்மடலைத் திருச்சபையின் பெருமையாக மட்டும் பேசிவிட்டு நகர்ந்தால், பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம்.

விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரம் இங்கு நினைவுக்கு வருகிறது. நீலம், கருஞ்சிவப்பு நூல்களில் வேலை செய்யவும் பொன்னிலும் மரத்திலும் செதுக்கவும் வல்ல பெட்சலேலை அது பெயர் சொல்லி அழைக்கிறது. அவன் தந்தை பெயரையும் குலத்தையும் கூடக் குறிக்கிறது. கைவினைஞனின் பெயரைப் பதிவதில் அப்பழைய நூல் நம்மினும் முன்னே நிற்கிறது.

எதைக் கொண்டு மதிப்பிடுவது?

மாணவர் கையில் உருவாகும் கழுத்துக்குட்டைக்கு மீண்டும் வருவோம். கையால் செய்தது என்ற ஒன்றையே தகுதியாக ஏற்க நாம் உடன்படவில்லை. வேண்டுமென்றே விட்ட ஏற்ற இறக்கம் வேறு. கவனக்குறைவால் விழுந்த திட்டு வேறு. இரண்டையும் கைவண்ணம் என்ற ஒரே சொல்லால் மூடுவது, உண்மையாக உழைத்த கைக்குச் செய்யும் அநீதி. முதல் சலவையிலேயே சாயம் இறங்கி வெள்ளைச் சட்டையின் கழுத்தைக் கறையாக்கும் குட்டை, எவ்வளவு அழகாயினும் முடிவுறாத படைப்பே.

மற்றோர் அளவையும் உண்டு. தேர்ந்த கை அளவறிந்து சாயம் கரைக்கும். சூட்டையும் அமிலத்தையும் சரியாகக் கையாளும். வேலை முடிகையில் சாயமெல்லாம் பட்டில் ஏறி, தொட்டி நீர் ஏறக்குறைய தெளிந்து நிற்கும். தேராத கையின் தொட்டியில் பாதிச் சாயம் மிஞ்சிச் சாக்கடைக்குப் போகும். திருப்பூரில் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் நாம் மறக்கலாகாது. நம் தென்புறநகரின் பெரும்பகுதி நீர் வடிவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022இல் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு மாணவியின் தொட்டி சிறிதுதான். ஆயினும் கலைத்திறனும் அறமும் அந்தத் தெளிந்த நீரில் ஒன்றாவதைப் போல வேறெங்கும் அவ்வளவு வெளிப்படையாக ஒன்றாவதில்லை. சாயம் வீணாகாமல் வேலை செய்வதே திறமை. அயலாரின் நீரைக் கெடுக்காமல் வேலை செய்வதும் அதுவே.

இவ்வாறு நோக்கினால், பெற்றோரின் ஐயத்துக்கு விடை கிடைக்கிறது. சாயத்தொட்டி முன் நிற்கும் பிள்ளை வேதியியலையும் கோட்டையும் பொறுமையையும் ஒரே இடத்தில் கற்கிறது. கூலிவேலை என்று ஒதுக்கப்பட்டதற்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்பதையும் கற்கிறது. கல்வி நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மாணவரின் பெயரைக் குட்டையின் ஓரத்தில் அச்சிடும்போது, அவருக்குப் பட்டறையில் தொட்டியையும் சட்டத்தையும் கையாளக் கற்றுக்கொடுத்த தொழிலாளரின் பெயரையும் கண்காட்சி ஏட்டில் சேர்க்கலாம். இரண்டு வரி கூடும்; அவ்வளவே.

வாங்கும் நமக்கும் கடமை உண்டு. பங்குத் திருவிழாக் கடையிலோ கைவினைக் கண்காட்சியிலோ ஒரு சாயத்துணியை எடுக்கும்போது, விலையையும் அளவையும் கேட்பதோடு நின்றுவிடாமல், இதற்குச் சாயமிட்டது யார் என்றும் கேட்போமாக. கடைக்காரருக்குத் தெரியாமல் போகலாம். பலரும் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒருநாள் தெரிந்து வைத்துக்கொள்வார்.