கேமரா விமர்சனங்கள் எதை அளக்கின்றன?

கேமரா வாங்க நினைப்பவர் முன்னால் இரண்டு கட்சிகள் நிற்கின்றன. ஒன்று, புது மாடல் வந்த நாளே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடும் விமர்சகர்கள். இன்னொன்று, "கேமராவுல என்னங்க இருக்கு, எல்லாம் கண்ணுலதான் இருக்கு" என்கிற ஞானிகள். இருவரும் பொய் சொல்வதில்லை. ஆனால் இருவருமே வாங்குபவரின் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

முதலில் ஞானிகள். இவர்கள் அடிக்கடி இழுக்கும் பெயர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். ஒரு லைக்கா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், அதை வைத்தே காலம் தள்ளினார் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 1932-ல் அவர் வாங்கியபோது லைக்கா புத்தம்புது தொழில்நுட்பம். 1925-ல்தான் சந்தைக்கே வந்தது. சினிமா ஃபிலிமில் 36 x 24 மி.மீ. படம் எடுக்கும், கோட்டுப் பையில் அடங்கும் கருவி. பெரிய பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு அவருடைய தெருப் படங்களை எடுத்திருக்கவே முடியாது. பளபளக்கும் பாகங்கள் கண்ணில் படக்கூடாது என்று கறுப்பு டேப் வேறு ஒட்டினார். கருவியைப் பற்றி நன்றாக யோசித்தவர்தான் அவர். யோசித்து முடித்ததும் அந்த வேலையை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போனார். நமக்கு வராதது இந்த நிறுத்துகிற பகுதிதான்.

இனி விமர்சகர்கள். இவர்கள் ஒரு கேமராவை இன்னொரு கேமராவோடுதான் ஒப்பிடுகிறார்கள். செங்கல் சுவரைப் படம் எடுத்து, மூலையைப் பெரிதாக்கி, போன மாடலை விட எவ்வளவு துல்லியம் என்று காட்டுவார்கள். 24 மெகாபிக்சல் 45 ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று தோன்றும். அகலத்தில் பார்த்தால் 6000 பிக்சல் சுமார் 8250 ஆகியிருக்கிறது, 1.4 மடங்கு கூட இல்லை. வீட்டில் இருக்கும் 4கே டிவி காட்டுவதோ 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல்.

ஒரு நிஜ உதாரணம். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், 18 மாதத் தவணையில் ஃபுல் ஃப்ரேம் கேமரா எடுக்கலாமா என்று கேட்டார். கையில் ஏபிஎஸ்-சி கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். மூன்று வயசுப் பெண் குழந்தை, சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் வீடு முழுக்க ஓடுகிறது. எல்லாப் படமும் கலங்கல். ஆறு மாதமாக ராத்திரி விமர்சன வீடியோ பார்க்கிறார், கேமரா பைக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கு போடுவோம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மி.மீ. அவருடையது 23.5 x 15.6, அதாவது சுமார் 367. விகிதம் 2.4-க்குள். சென்சார் பெரிதானதால் மட்டும் கிடைப்பது சுமார் ஒன்றேகால் ஸ்டாப். கிட் லென்ஸை 55-ல் வைத்தால் எஃப் 5.6. அதன் இடத்தில் சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் 9 மடங்குக்கு மேல் வெளிச்சம், மூணேகால் ஸ்டாப். விலையோ ஃபுல் ஃப்ரேம் பாடியின் விலையில் சிறு பங்கு. ஃபோகஸ் ஆழம் குறையும், ஓடுகிற குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் நிற்கப் பழக வேண்டும், அது உண்மை. ஆனாலும் தவணை வேண்டியதில்லை. பகலில் ஜன்னல் பக்கம் விளையாட விட்டால் லென்ஸ் கூட வேண்டியதில்லை.

இதே கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. நான் எடுப்பது பெரும்பாலும் கல்வெட்டு. கல் ஓடாது. கையில் பிடித்து 1/60 நொடியில் எடுப்பதை முக்காலியில் வைத்து ஒரு நொடி எடுத்தால் கிட்டத்தட்ட ஆறு ஸ்டாப் லாபம். தேய்ந்த எழுத்து தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் மெகாபிக்சல் அல்ல, நிழல் விழாததுதான். பக்கவாட்டில், கல்லை உரசுவது போல ஒரு டார்ச்சைப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் இருந்ததும் போகும். மாறாக, பறவை எடுப்பவரிடம் போய் டார்ச்சும் முக்காலியும் போதும் என்றால் சிரிப்பார். அவருக்கு 400 மி.மீ. லென்ஸும் வேகமான ஆட்டோஃபோகஸும் வேண்டும். அங்கே விமர்சகர்களின் அளவுகள் நிஜமாகவே உதவும்.

அப்படியிருக்க, விமர்சனம் ஏன் எல்லோரையும் புது பாடி பக்கமே தள்ளுகிறது? 2010-ல் உலகெங்கும் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் 80 லட்சத்துக்கும் குறைவு. செல்போன் சின்னக் கேமராக்களை முழுங்கிவிட்டது. மிச்சம் இருக்கும் வாடிக்கையாளர், ஏற்கெனவே கேமரா வைத்திருக்கும் நாம்தான். நமக்கே மறுபடி விற்க வேண்டும். 2018-ல் கேனனும் நிகானும் புது மவுண்ட் கொண்டுவந்தன. பழைய லென்ஸ் அடாப்டரில் ஓடும், ஆனால் மனசு ஓடாது. "இருப்பதே போதும்" என்று சொல்லிவிட்டால் விமர்சகருக்கும் அடுத்த வாரம் பேச எதுவும் இருக்காது.

இந்த ஆசைக்கு ஆங்கிலத்தில் நோய் போல ஒரு பெயர் உண்டு, சுருக்கமாக 'காஸ்'. கித்தார்க்காரர்கள் தங்களையே கேலி செய்ய வைத்துக்கொண்டது, கேமராக்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்காது. நோய் என்றால் குறை முழுக்க நம்முடையது என்று ஆகிறது. ஒரு தொழில்துறையே நம்மை நோக்கித்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்பது மறைந்துபோகிறது.

எங்கள் தொழிலில், புரோகிராம் மெதுவாக ஓடினால் உடனே பெரிய சர்வர் வாங்க மாட்டோம். எந்த வரியில் நேரம் போகிறது என்று அளந்து பார்ப்போம். படத்துக்கும் அதையே செய்யலாம். போன வருடம் சரியாக வராத நூறு படங்களை எடுங்கள். கை ஆடியது, ஆள் அசைந்தது, ஃபோகஸ் தப்பியது, தூரம் எட்டவில்லை, வெளிச்சம் சப்பை, படத்தில் விஷயமே இல்லை. இந்த ஆறு காரணத்தில் எது என்று ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, லென்ஸ் நீளம் எல்லாம் ஃபைலிலேயே எக்ஸிஃப் தகவலாக இருக்கும். எந்தக் காரணம் அதிகமோ அதற்கு மட்டும் செலவு செய்யலாம். கடைசி இரண்டுக்கும் புது பாடி மருந்தில்லை.

ஒவ்வொரு கேமரா விமர்சனத்திலும் "இது யாருக்குத் தேவையில்லை" என்று ஒரு பத்தி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தமிழில் யாராவது அப்படி எழுத ஆரம்பித்தால், முதல் ஆளாகப் படிப்பேன்.