கல்பும் இதயமும்: பெயர்ப்பில் நழுவும் பொருள்

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமாகிய ‘அல்கஸஸ்’, பத்தாம் வசனத்தில் மூஸா (அலை) அவர்களின் அன்னையைப் பற்றிப் பேசுகிறது. பெற்ற மகவை ஆற்றில் விட்டுவிட்டு நிற்கும் தாயின் நிலை அது. அவருடைய ‘ஃபுஆத்’ வெறுமையாகிவிட்டது என்றும், அவருடைய ‘கல்பை’ இறைவன் பிணைத்து உறுதிப்படுத்தியிராவிட்டால் அவர் உண்மையை வெளியிட்டிருப்பார் என்றும் வசனத்தின் கருத்து அமைகிறது. ஒரே வசனத்தில், ஒரே பெண்ணைக் குறித்து, இரண்டு சொற்கள். வெறுமையானது ஒன்று, பிணைக்கப்பட்டது மற்றொன்று.

தமிழில் இதனைப் பெயர்ப்பவர் முன் உள்ளம், மனம், நெஞ்சம், இதயம், அகம் எனச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. நம்மிடையே வழங்கும் மொழிபெயர்ப்புகளை ஒப்புநோக்கினால், இச்சொற்கள் பெரும்பாலும் ஓசைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மாறிமாறி வருவதைக் காணலாம். மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பையோ இறையச்சத்தையோ ஐயுறுவது நம் நோக்கமன்று. ஆனால் இச்சொற்களுள் ஒன்றாகிய ‘இதயம்’ இன்றைய தமிழில் பெற்றுள்ள பொருள், கல்பு என்னும் சொல்லின் பாதியை மறைத்துவிடுகிறது. அந்த மறைப்பு ஏட்டோடு நிற்பதில்லை. அமலிலும் வாழ்விலும் அது விளைவுகளை உண்டாக்குகிறது. இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகிறது.

நான்கு சொற்கள்

அரபியில் ‘க-ல-ப’ என்னும் வேர் திருப்புதல், புரட்டுதல் என்னும் பொருளுடையது. ஒரு நிலையில் நில்லாமல் புரண்டுகொண்டே இருப்பதால் கல்பு அப்பெயர் பெற்றது என்பது அறிஞர்களின் விளக்கம். கல்புகளும் பார்வைகளும் புரண்டு தடுமாறும் நாளைப் பற்றிப் பேசும் 24:37 வசனம் இவ்வேரையே எடுத்தாள்கிறது. கல்புகளைப் புரட்டுபவனே என இறைவனை விளித்து, தம் கல்பை மார்க்கத்தில் நிலைநிறுத்துமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைஞ்சியதைத் திர்மிதீ பதிவு செய்துள்ளது. புரட்சியைக் குறிக்கும் ‘இன்கிலாப்’ என்ற சொல்லும் இவ்வேரில் பிறந்ததே. கீழக்கரையில் பிறந்து 2016இல் மறைந்த கவிஞர் இன்குலாப்பின் புனைபெயருக்குள் கல்பு ஒளிந்திருப்பதை நம் வாசகர்கள் பலரும் அறிவர்.

‘ஃபுஆத்’ என்னும் சொல்லின் வேர் வேறு. கல்பையே அதன் வெம்மையையும் கனல்தலையும் கருதிக் குறிக்கும்போது அது ஃபுஆத் எனப்படும் என்று இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ (ரஹ்) தம் ‘முஃப்ரதாத்’ நூலில் விளக்குகிறார். இறைச்சியை நெருப்பில் வாட்டுவதற்கும் இவ்வேரிலிருந்தே வினை பிறக்கிறது. மூண்டெழும் நெருப்பு எட்டிப் பிடிக்கும் இடமாக 104:7 வசனம் ஃபுஆதின் பன்மையைக் கூறுவது எண்ணத்தக்கது.

‘ஸத்ர்’ மார்பு. மூஸா (அலை) அவர்கள் விரிவாக்கித் தருமாறு கேட்டதும் (20:25), அண்ணலார்க்கு விரிவாக்கிக் கொடுக்கப்பட்டதாக 94ஆம் அத்தியாயம் கூறுவதும் இதனையே. ‘லுப்பு’ என்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. திருக்குர்ஆன் இதனைப் பன்மையில் மட்டுமே, ‘உலுல் அல்பாப்’ என்ற தொடரில், 16 இடங்களில் ஆள்கிறது. நாம் அதனை ‘அறிவுடையோர்’ எனப் பெயர்க்கிறோம். பொருள் பிழையில்லை, பருப்பு மட்டும் உதிர்ந்துவிடுகிறது.

இந்நான்கையும் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிக் காட்டும் நூல் ஒன்று ஹகீம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்குகிறது. அதில் வாதுமைக் கொட்டையும் ஓர் உவமையாக வருகிறது. வெளியே ஸத்ர், அதனுள் கல்பு, அதனுள் ஃபுஆத், அடி ஆழத்தில் லுப்பு என்பது அதன் அடுக்கு. தேவாரத்தில் வாதுமை விளைவதில்லை. ஆனால் மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று பிழைப்போர் நிறைந்த ஊர் இது. ஆகையால் வகுப்பில் இப்பாடம் வரும்போது ஏலக்காயையே எடுத்துக்கொள்வது என் வழக்கம். மேல்தோல் ஸத்ர், உள்ளே உள்ள மூன்று அறைகள் கல்பு, அறைக்குள் இருக்கும் விதை ஃபுஆத், விதைக்குள் அடங்கிய மணம் லுப்பு. தோலை மட்டும் முகர்ந்துவிட்டு ஏலத்தின் தரத்தைச் சொல்லும் வியாபாரி எவரும் போடி சந்தையில் இல்லை. உவமை உவமையே, எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. எனினும் நான்கும் ஒன்றல்ல என்பது மாணவர்க்கு விளங்கிவிடும்.

தமிழின் வளம்

இத்தகைய நுண்மை தமிழுக்குப் புதிதன்று. ‘உள்ளுதல்’ என்பது நினைத்தல். எனவே ‘உள்ளம்’ உள்ளே இருப்பதை மட்டுமன்றி நினைப்பதையும் குறிக்கிறது. ‘நெஞ்சு’ மார்பையும் சுட்டும், மனத்தையும் சுட்டும். நெஞ்சுவலியும் நெஞ்சுரமும் ஒரே சொல்லின் இரு பக்கங்கள். திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’, ‘நெஞ்சொடு புலத்தல்’ என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அங்கே நெஞ்சு உசாவத்தக்க, வாதாடத்தக்க ஒரு துணை. ‘அகம்’ மனத்தையும் வீட்டையும் ஒருங்கே உணர்த்தும். பேச்சு வழக்கிலோ துயரம் வயிற்றில் இருக்கிறது: வயிறு எரிகிறது, பெற்ற வயிறு துடிக்கிறது. அச்சம் ஈரக்குலையில் இருக்கிறது. ராகிப் (ரஹ்) சொன்ன கனல்தலைக் கம்பம் பள்ளத்தாக்கின் தாய்மார்கள் அகராதியின்றியே அறிந்திருக்கிறார்கள்.

ஒரு சொல் பல பொருள் பெறுவது குறையன்று. ‘தேவாரம்’ என்றால் பேருந்து நடத்துநர்க்கு ஊர். ஓதுவார்க்கு மூவர் பாடிய பதிகங்கள். சூழலே பொருளைத் தீர்மானிக்கிறது, இருவரும் குழம்புவதில்லை. குழப்பம் நேர்வது, பல பொருள் கொண்ட ஒரு சொல்லின் பொருள்களுள் ஒன்று மட்டும் ஓங்கி வளர்ந்து ஏனையவற்றை விழுங்கும்போதுதான். ‘இதயம்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இதுவே.

வடமொழி ‘ஹ்ருதயம்’ என்பதிலிருந்து வந்த இச்சொல்லுக்கும் முன்னர் அறிவையும் உணர்வையும் ஒருசேரத் தாங்கும் ஆற்றல் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் இரண்டு திசைகளிலிருந்து அது இழுக்கப்பட்டது. மருத்துவ நூல்கள் அதனைக் குருதி இறைக்கும் உறுப்பின் பெயராக நிலைநிறுத்தின. திரைப்படமும் தொடர்கதையும் வாழ்த்து அட்டையும் அதனைக் காதலின் இருப்பிடமாக்கின. 1991இல் வெளிவந்த ‘இதயம்’ திரைப்படத்தில் நாயகனின் காதல் குடியிருக்கும் இடமும் அவனது நோய் குடியிருக்கும் இடமும் ஒன்றாகிவிட்டமை இவ்விரு போக்குகளும் சந்தித்த புள்ளி எனலாம். இவற்றோடு, மூளை சிந்திக்கும், இதயம் உணரும் என்னும் மேலைநாட்டுப் பாகுபாடும் பள்ளிப் பாடம்போல் நம் மனத்தில் படிந்துவிட்டது.

திருக்குர்ஆனின் கல்பு இப்பாகுபாட்டுக்குள் அடங்குவதில்லை. 22:46 வசனத்தில் கல்பு விளங்கிக்கொள்ளும் கருவி. 7:179 வசனத்தில் கல்பு இருந்தும் அதனால் சிந்தித்து உணராதோர் கண்டிக்கப்படுகின்றனர். 2:74 வசனத்தில் அது கல்லாக இறுகுகிறது. 13:28 வசனத்தில் இறைநினைவால் அமைதி கொள்கிறது. 83:14 வசனத்தில் செய்த வினைகளால் துரு ஏறுகிறது. அறிவது, உணர்வது, துணிவது ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. அறிவின் இருப்பிடம் கல்பா, தலையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததை முஸ்லிம் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கிறார். தம் மத்ஹபினர் கல்பு என்றனர் எனவும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தலை என்றார் எனவும் அவர் குறிக்கிறார். ஆயினும் கல்பு அறிவோடு தொடர்பற்ற வெறும் உணர்ச்சி என அவ்விரு சாராரும் கூறவில்லை.

மறைப்பின் விளைவுகள்

முதலாவது, நிய்யத். நிய்யத்தின் இடம் கல்பு என்பது ஃபிக்ஹின் பாலபாடம். அங்கே கல்பு என்பது அறிந்து துணியும் ஆற்றல். இதனை ‘இதயத்தில் எண்ணுதல்’ எனக் கேட்கும் இளைஞர், தொழுகைக்கு நிற்கும்போது ஓர் உருக்கம் எழவேண்டும் என எதிர்பார்க்கிறார். உருக்கம் எழாதபோது தம் நிய்யத் கூடவில்லை என ஐயுற்றுத் தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார். வஸ்வாஸுக்கு ஒரு சொல்லே வாசல் திறந்துவிடுகிறது.

இரண்டாவது, இதற்கு நேர்மாறான பிழை. தம் கல்பிடம் ஃபத்வா கேட்குமாறு அண்ணலார் வாபிஸா (ரலி) அவர்களிடம் கூறிய செய்தியை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்துள்ளார். இன்றைய மேடைகளில் இது, இதயம் சொல்வதைக் கேட்டு நட என்னும் நாகரிக அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. நபிமொழியின் கருத்தோ வேறு: பிறர் அனுமதி தந்தாலும் உள்ளே உறுத்துவது பாவம் என்கிறது அது. அங்கே கல்பு ஆசையின் குரலன்று. ஆசையைத் தடுத்து நிறுத்தும் சான்று. ‘உள்ளம்’ என்றோ ‘நெஞ்சு’ என்றோ பெயர்த்தால் இப்பொருள் காக்கப்படும். பொய் சொல்பவனைத் தன் நெஞ்சே சுடும் என்பதைத் தமிழர்க்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது விளைவு மருத்துவமனையில் நிகழ்வது. 1967 டிசம்பரில் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியான் பர்னார்டு முதன்முதலாக மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். இந்தியாவில் 1994இல் டெல்லி எய்ம்ஸில் மருத்துவர் வேணுகோபால் அதனைச் செய்தார். தமிழகத்தில் 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் கொடையளித்தனர். அவனது இதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் உறுப்புக் கொடை தமிழகத்தில் வீட்டுக்கு வீடு பேசும் பொருளாயிற்று. நம் சமுதாயத்திலும் கேள்விகள் எழுந்தன. கல்பில்தானே ஈமான் இருக்கிறது, அதை எடுத்து இன்னொருவருக்கு வைத்தால் அவருடைய ஈமான் என்னாகும் என்னும் கேள்வி எங்கள் பகுதியிலும் கேட்கப்பட்டதுண்டு. கேட்டவர்கள் பாமரர் மட்டுமல்லர்.

உறுப்புக் கொடை கூடுமா என்பது ஃபிக்ஹு வினா. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி மூளைச்சாவையும் மரணமாக ஏற்றது; 1988இல் ஜித்தாவில் கூடி நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. இந்தியத் துணைக்கண்டத்து உலமாக்களுள் பலர் மறுக்கின்றனர். மனித உடலின் கண்ணியம், உடைமை, நிர்ப்பந்தம் ஆகிய ஆதாரங்களின் மேல் அவ்விவாதம் நடைபெறுகிறது. அது அவ்வாறே நடைபெற வேண்டும். ஆனால் ‘ஈமான் இடம் மாறிவிடும்’ என்பது அவ்விவாதத்தின் வாதங்களுள் ஒன்றாகாது. அது ஒரு சொல்லால் விளைந்த மயக்கம்.

இம்மயக்கத்துக்குரிய விடை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்), ‘இஹ்யா’வின் மூன்றாம் காற்பகுதியை கல்பின் விந்தைகளை விளக்கும் நூலோடு தொடங்குகிறார். தொடக்கத்திலேயே நஃப்ஸ், ரூஹ், கல்பு, அக்ல் என்னும் நான்கு சொற்களின் பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறார். கல்பு என்பதற்கு இரு பொருள்கள் உள்ளன என்பது அவர் கூற்று. ஒன்று, மார்பின் இடப்பக்கத்தில் கூம்பு வடிவில் அமைந்த தசை. அது விலங்குக்கும் உண்டு, இறந்தவனிடமும் உண்டு. அதனை ஆராய்வது மருத்துவர்களின் வேலை. மற்றொன்று, இறைவன்பாற்பட்ட நுண்பொருள். அறிவதும் ஏவப்படுவதும் விசாரிக்கப்படுவதும் அதுவே. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உடலில் உள்ள ஒரு தசைத்துண்டு சீரானால் உடல் முழுதும் சீராகும் என்னும் புகாரீ, முஸ்லிம் நபிமொழியையும் இத்தொடர்பின் ஒளியிலேயே விளங்கிக்கொள்ளலாம். இறந்தவனிடமும் இருக்கும் தசையில் ஈமான் குடியிருக்க வழியில்லை.

செய்யத்தக்கவை

‘இதயம்’ என்னும் சொல்லையே விலக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஒரு மனிதனின் உடலகத்தே இரண்டு கல்புகளை இறைவன் அமைக்கவில்லை என்னும் 33:4 வசனத்தின் காட்சி உடலைச் சார்ந்தது. அங்கே ‘இதயம்’ பொருந்தும், ‘உள்ளம்’ என்றால் காட்சி மங்கும். அண்ணலாரின் இளமையில் நிகழ்ந்த ‘ஷக்குஸ் ஸத்ர்’ செய்தியிலும் அவ்வாறே: பிளக்கப்பட்டது மார்பு, வெளியே எடுத்துக் கழுவப்பட்டது இதயம். பிற இடங்களில் கல்புக்கு ‘உள்ளம்’ என்பதே தக்க பெயர்ப்பு. நினைத்தலையும் அது தன்னுள் கொண்டிருக்கிறது. ஸத்ருக்கு ‘நெஞ்சு’ ஏற்றது. ஃபுஆதுக்கு ‘அகம்’ பல இடங்களில் பொருந்திவரும்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியலிட்டு இயந்திரம்போல் பின்பற்றவும் இயலாது. ஆயின் எங்கே எதனைக் கொண்டோம், ஏன் கொண்டோம் என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் ஒரு பக்கமாவது எழுதுவது வாசகனுக்குச் செய்யும் நீதி. பயான் செய்வோர் ‘கல்பு’ என்ற சொல்லை அப்படியே ஆள்வதிலும் தவறில்லை. நம் மக்கள் அறிந்த சொல்தான் அது. ஆளும்போது எப்பொருளில் ஆள்கிறோம் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால் போதும்.

இவ்வடிப்படையில் நோக்கினால் மூஸா (அலை) அவர்களின் அன்னையைப் பற்றிய வசனம் தெளிவாகிறது. அவர் அகம் வெறுமையாயிற்று. மகனின் நினைவு தவிர அதில் வேறெதுவும் எஞ்சவில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம். அந்நிலையிலும் அவர் உள்ளம், நம்பிக்கையாளர்களுள் ஒருவராக அவர் நிலைக்கும்பொருட்டு, பிணைக்கப்பட்டது. துயரம் நீக்கப்படவில்லை, துயரத்தின் நடுவே துணிவு காக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில், மகனின் உறுப்புகளைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய ஒரு தாய்க்கு ஆலிம் என்ன சொன்னாலும், கூடும் என்றாலும் கூடாது என்றாலும், அவருடைய மகனின் ஈமான் அந்தத் தசையோடு போய்விடும் என்று மட்டும் சொல்லலாகாது.