ஒட்டினால் போதுமா?

பழைய அப்ரைட் பியானோவைப் ‘புதுசு போல’ மாற்றும் வீடியோக்களுக்கு இப்போது பெரிய வரவேற்பு. பூச்சி அரித்த ஃபெல்ட், மஞ்சளேறிய கட்டைகள், அடுத்த நிமிடமே முகம் தெரியும் பாலிஷ். குறை சொன்னால், “கிடைத்ததைப் போட்டு ஒட்டாவிட்டால் காயலான் கடைக்குத்தான் போகும்” என்று பதில் வருகிறது.

அதில் பாதி உண்மை. திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு சுத்தியல் உடைந்தால் சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும். பாகம் கடல் கடந்து வரவேண்டும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும் இற்றுப்போன நாடாக்களுக்குப் பதில் தையல்கடை நாடாவை வெட்டிப் போடுகிறவரின் கையை நான் மதிக்கிறேன். நாளைக்கு அதைக் கழற்றிவிடலாம்.

உடனடிப் பசையை அப்படிக் கழற்ற முடியாது. பல வருடமாக என் மனத்தாங்கல் இதுதான்.

சித்தூரில் ஒரு வீட்டுப் பியானோ. நடு ‘சி’யை அழுத்தினால் சுத்தியல் போய் அடித்தது, திரும்பவில்லை. சுத்தியல்களை இயக்கும் பொறியமைப்பான ஆக்‌ஷனை வெளியே எடுத்துப் பார்த்தோம். முறிந்த தண்டை யாரோ உடனடிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அது வழிந்து, கீழே ஊசிமுனை அளவு பின் சுழலும் ஃபெல்ட் துளைக்குள் இறங்கிக் கல்லாகியிருந்தது.

இந்தப் பியானோக்களைச் செய்தவர்கள் ஒட்டியது வஜ்ஜிரம் என்ற தோல் பசையால். வெந்நீரும் ஆவியும் காட்டினால் அது இளகும். மரத்துக்குச் சேதமில்லாமல் பிரித்து மறுபடி ஒட்டலாம். நம் வெயிலிலும் ஈரத்திலும் வஜ்ஜிரம் விட்டுவிடும் என்பார்கள். விடும்தான். வெப்ப நாடுகளுக்கென்று செய்த பியானோக்களில் பசையோடு திருகாணியும் சேர்த்து முடுக்கியது அதனால்தான். பசை விட்டால் இணைப்பு மட்டும் போகும். பசை விடாமல் பிடித்துக்கொண்டால் மரம் கிழியும்.

கிடைக்கவில்லை என்ற சாக்கை நான் ஏற்கமாட்டேன். வஜ்ஜிரம் சீமையிலிருந்து வந்த அதிசயமா? நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக வெந்நீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்துக் காய்ச்சியது. அந்த நாற்றம் பட்டறைத் தெருவில் வளர்ந்த எவருக்கும் தெரியும். காய்ச்சப் பொறுமையில்லாமல் குழாயைப் பிதுக்கிவிட்டு அதற்குப் ‘பழுதுபார்த்தல்’ என்று பெயர் வைக்கிறார்கள். நான் அதை உடைத்தல் என்றே சொல்வேன்.

அந்தச் சித்தூர் பியானோவில் அப்படி ஒட்டிய சுத்தியல்கள் மூன்று. ஒன்றைக்கூட மரம் பிளக்காமல் எடுக்க முடியவில்லை.