பாப் ஜோன்ஸ் சர்வகலாசாலைக்கு நியாயம்

தனக்குப் பிடிக்காத மனிதனைப் பற்றி எழுதுவது நாவலாசிரியனுக்குப் பழகிப்போன சங்கடம். அவனை வெறும் வில்லனாக்கிவிட்டால் நாவல் கெட்டுப்போகும். அதற்கு மேல் நஷ்டம் ஒன்றுமில்லை. கலைக்களஞ்சியம் எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் எழுதுவதைப் பள்ளிக்கூடத்துப் பையனிலிருந்து பத்திரிகைக்காரர் வரை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 2001-ல் இன்டர்நெட்டில் தொடங்கிய விக்கிப்பீடியாவிலோ, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். பட்சபாதமில்லாமல் எழுத வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. அது எவ்வளவு கடினமான விதி என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, அமெரிக்காவில் தென் கரோலினா மாகாணத்து கிரீன்வில் நகரிலுள்ள பாப் ஜோன்ஸ் சர்வகலாசாலையை நான் சிபாரிசு செய்வேன்.

பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பிரசங்கி 1927-ல் புளோரிடாவில் ஒரு கல்லூரியாக அதை ஆரம்பித்தார். நடுவில் டென்னஸீக்குப் போய், 1947-ல் கிரீன்வில்லுக்கு வந்து சேர்ந்தது. புராட்டஸ்டண்ட் அடிப்படைவாதிகளின் கோட்டை அது. 1971 வரை கறுப்பின மாணவர்களுக்கு அங்கே இடமில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை எப்படி எழுதுவது? “1971-ல் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது” என்று அபிமானி ஒருவர் எழுதக் கூடும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 1975 வரை, பொதுவாகத் தம் இனத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டிருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால், அந்த உண்மையே பொய்யின் வேலையைச் செய்துவிடும். அதற்குப் பிறகும் இனம் விட்டு இனம் காதலிக்கக் கூடாது, மணக்கக் கூடாது என்று விதி இருந்தது. “பின்னர் கைவிடப்பட்டது” என்று அதை முடித்துவிடலாமா? எந்த வருஷம் என்று கேட்க வேண்டாமா? 2000, மார்ச். ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ் அதற்கு முந்தின மாதம் அங்கே போய்ப் பேசி, தேசமெங்கும் கண்டனம் கிளம்பிய பிறகு.

எதிர்த் தரப்புக்காரருக்கு வேறு ஒரு கைவேலை உண்டு. “நிறவெறிச் சர்வகலாசாலை” என்று நிகழ்காலத்தில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார். தன் பழைய இனக் கொள்கைகளுக்காக அந்த ஸ்தாபனம் 2008-ல் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டதை விட்டுவிடுவார். மன்னிப்பு தாமதமாக வந்தது என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

வழக்கு விஷயம் இன்னும் சுவையானது. 1976-ல் வரி இலாகா சர்வகலாசாலையின் வரிவிலக்கை ரத்துச் செய்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அதற்குள் ரீகன் சர்க்கார் வந்து, 1982-ல் வரி இலாகாவின் கட்சியையே கைவிட்டுவிட்டது. இலாகா செய்தது சரி என்று வாதாட ஆள் இல்லை! கோர்ட்டே வில்லியம் கோல்மன் என்ற வக்கீலை அழைத்து வாதாடச் சொன்னது. அவர் கறுப்பினத்தவர். நாவலில் இப்படி எழுதினால் செயற்கை என்பார்கள். 1983-ல் எட்டு நீதிபதிகள் சர்வகலாசாலைக்கு எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் தீர்ப்புச் சொன்னார்கள். கிறிஸ்தவர்களைச் சர்க்கார் துன்புறுத்திய கதை இது என்று ஒரு கட்சி சொல்லும். மதம் வெறும் வேஷம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்று இன்னொரு கட்சி சொல்லும். இரண்டும் தீர்ப்பில் இல்லை. அவர்களுடைய நம்பிக்கை மெய்யானது என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டே, கல்வியில் இனப் பாகுபாட்டை ஒழிப்பது அதைவிடப் பெரிய காரியம் என்றது. இரு கட்சிக்காரர்களும் சந்தோஷமாக அழிக்கக் கூடிய வாக்கியம் இது. கட்டாயம் இருக்க வேண்டியதும் இதுதான். 2017-ல் வரிவிலக்கு மறுபடி கிடைத்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

குற்றப்பத்திரிகை மட்டும் ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரம் ஆகாது. கத்தோலிக்க சபையை மிகக் கடுமையாகத் தாக்கி வந்த இந்தச் சர்வகலாசாலை, அதே கத்தோலிக்க மரபில் பிறந்த இத்தாலியப் பரோக் ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கி, 1951-ல் ஒரு காட்சிசாலையே வைத்தது. உலக கேளிக்கைகளைக் கண்டித்தவர்கள் ஷேக்ஸ்பியர் நாடகங்களை மேடையேற்றினார்கள். ஸ்தாபகரின் மகனே அவற்றில் நடித்தார். வழக்கும் தடையும் மட்டுமே தெரிந்த வாசகருக்கு இந்த மனிதர்கள் பிடிபடவே மாட்டார்கள்.

சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் ஸ்தாபனத்தைப் பற்றிய கட்டுரையில் நேரே கை வைக்காமல், அதனோடு உள்ள பேச்சுப் பக்கத்தில் யோசனை சொல்லட்டும் என்பது விக்கிப்பீடியாவின் ஏற்பாடு. சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது சரி. அங்கே படித்து மனம் புண்பட்டு வெளியே வந்தவர்களுக்கும் சம்பந்தம் உண்டல்லவா? அவர்களுடைய கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும், எழுதியது யார் என்பதைவிட, ஆதாரம் எது என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பாலியல் கொடுமைக்கு ஆளான மாணவர்களை நிர்வாகம் நடத்திய விதம் பற்றிய விசாரணையை எடுத்துக்கொள்வோம். வெளி அமைப்பு ஒன்றை 2012-ல் சர்வகலாசாலை தானே நியமித்தது. 2014 ஆரம்பத்தில் அதை நிறுத்தியது. சில வாரங்களில் மறுபடி தொடரச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த அறிக்கை நிர்வாகத்தைக் கடுமையாகக் குறை கூறியது. நியமித்ததை மட்டும் எழுதினால் விளம்பரம்; நிறுத்தியதை மட்டும் எழுதினால் வசை. எல்லாவற்றையும் வரிசையாக ஒரே பத்தியில் எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் அழிக்க வருவார்கள். அழித்ததை மீட்டுப் போட விக்கிப்பீடியாவில் வசதி இருக்கிறது. ஆனால் ஒருவர் ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் அப்படிச் செய்யக் கூடாதாம்.