சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் திருத்தம் (2006) - ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: நன்னூல், பத்துக் குற்றம், பத்தழகு, உரை மரபு, கட்டற்ற மென்பொருள், நிரல் மீளாய்வு, பாகூர்

முன்னுரை

கணினி நிரலைப் பனுவலாகக் கொண்டு திறனாய்வது தமிழாய்வுக்குப் பழக்கமான செயலன்று. எனினும், நூலை எவ்வாறு செய்ய வேண்டும், செய்த நூலை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கும் தமிழ் இலக்கண மரபு விரிவான விடை வைத்திருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றம் பத்தையும் அழகு பத்தையும் பட்டியலிடுகிறார். குற்றங்களுள் முதலில் நிற்பது குன்றக் கூறல். அழகுகளுள் முதலில் நிற்பது சுருங்கச் சொல்லல். சொல்லைக் குறைப்பது என்னும் ஒரே செயல் ஓரிடத்தில் அழகாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் நிற்கிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதை, உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளின் பாதுகாப்பைக் குலைத்த ஒரு சிறு நிரல் திருத்தத்தின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

நீக்கப்பட்ட இரு வரிகள்

டெபியன், தன்னார்வலர்களின் கூட்டுழைப்பில் உருவாகும் கட்டற்ற இயங்குதளம். உபுண்டு அதன் வழிவந்தது. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவ்வாறே. இணையத்தில் தகவலை மறைத்து அனுப்ப இவை பயன்படுத்திய நிரலகம் ஓப்பன்எஸ்எஸ்எல். மறைக்குறியீட்டுச் சாவி ஒன்றை உருவாக்கப் பிறர் ஊகிக்க இயலாத சீரற்ற எண்கள் தேவை. அவற்றுக்கான மூலத்தரவுகளை நிரலகம் ஒரு தேக்கத்தில் சேர்த்துக் கலக்கி வைத்து, கேட்கும்போது வழங்கும். சேர்ப்பது ஒரு செயற்கூறு, வழங்குவது மற்றொன்று. இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே அமைந்த ஒரு வரி இருந்தது: இடையகத்தில் உள்ளதை எடுத்துக் கலவையில் சேர்க்கச் சொல்லும் வரி.

நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்னும் கருவி, மதிப்பிடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுவதாக எச்சரித்தது. எச்சரிக்கைகளின் தடம் பிடித்துச் சென்றபோது எதிர்ப்பட்டவை இவ்விரு வரிகளே. இவற்றை நீக்கலாமா என்று 2006 மே மாதத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் கேட்கப்பட்டது. பிழைதேடலுக்கு உதவுமாயின் நீக்கலாம் என்னும் பொருளில் விடை வந்தது. இரு வரிகளும் செயலிழக்கச் செய்யப்பட்டன. திருத்தப்பட்ட பொதி 2006 செப்டம்பர் 17 அன்று டெபியனில் ஏறியது. 2007 ஏப்ரலில் வெளியான எட்ச் பதிப்பில் அது இடம்பெற்றது.

பிழையை லூசியானோ பெல்லோ கண்டறிந்தார். 2008 மே 13 அன்று டெபியன் அதனை அறிவித்தது. இடைப்பட்ட இருபது மாதங்களில் இத்திருத்தம் பெற்ற கணினிகளில் சாவிகளின் சீரற்ற தன்மைக்கு எஞ்சிய ஒரே வேறுபாடு, இயங்கும் செயல்முறைக்கு இயங்குதளம் தரும் அடையாள எண். லினக்சில் அவ்வெண்ணின் இயல்பான உச்சவரம்பு 32,768. ஆகவே ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் உருவாகக்கூடிய சாவிகள் ஏறத்தாழ அத்தனையே. அவை அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். வழங்கிகளுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவிகளும் வலைத்தளச் சான்றிதழ்களும் இதில் அடங்கின. திருத்தத்தை மீட்டால் மட்டும் போதவில்லை. பிறந்துவிட்ட சாவிகள் ஒவ்வொன்றையும் தேடி ஒழிக்க வேண்டியிருந்தது.

வரத்தும் மதகும்

இவ்வரிகளின் வேறுபாட்டைப் பாகூர் ஏரியைக் கொண்டு விளக்குவது எளிது. ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி அது. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் வருகிறது; மதகுகள் வழியே வயல்களுக்குப் போகிறது. வாய்க்கால் தலைப்பிலும் மதகிலும் பலகையை இறக்கி நீரை அடைக்கும் செயல் ஒன்றே. மதகில் கசிவைக் கண்ட ஒருவர், அதே வடிவில் இருப்பதால் வாய்க்கால் தலைப்பையும் சேர்த்து அடைத்துவிட்டால் அன்று ஏரியில் எதுவும் தெரியாது. கரையில் நின்று பார்ப்பவருக்கு நீர் நிறைந்தே தோன்றும்.

வழங்கும் செயற்கூற்றில் இருந்த வரி, கேட்பவர் கொண்டுவந்த காலி இடையகத்தில் தற்செயலாகக் கிடந்ததையும் கலவையில் சேர்த்தது. நீக்கினால் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. சேர்க்கும் செயற்கூற்றில் இருந்த வரியோ தேக்கத்துக்கு வரும் வரத்து முழுவதையும் உள்ளே விட்டது. நன்னூல் கூறும் குற்றங்களின் மொழியில், முதலாவதனை நின்று பயனின்மை எனலாம். அதனைக் களைந்தது சரியே. இரண்டாவதனையும் அவ்வாறே கருதிக் களைந்தபோது குன்றக் கூறல் நேர்ந்தது. சொல் ஒன்றாயினும் அது நின்ற இயல் வேறு. ஒரு நூற்பாவில் வந்த சொல் மற்றொன்றிலும் வரின், அதனைக் கூறியது கூறல் என ஒதுக்குமுன், அங்கு அது வேறு பயன் நோக்கி வந்ததா என உரையாசிரியர்கள் வினவுவர். அவ்வினா இங்கு எழுப்பப்படவில்லை.

குற்றம் முழுவதும் நீக்கியவரையே சாரும் என்னும் பரவலான கதையாடல் ஏற்புடையதன்று. மூல நிரலில் இரு செயற்கூறுகளும் தம் இடையகத்துக்கு ஒரே பெயரை இட்டிருந்தன. ஒன்றில் அது நீர் கொண்டுவரும் கலம், மற்றொன்றில் நீர் கேட்டு வந்த கலம். இது மயங்க வைத்தல். வழங்கும் செயற்கூற்றின் வரிக்கு அருகில் மட்டும், சோதனைக் கருவி இதனைக் குறை கூறும் என்னும் மிகச் சிறிய குறிப்பும், வேண்டும்போது விலக்கிக்கொள்ளும் வசதியும் இருந்தன. சேர்க்கும் செயற்கூற்றின் வரிக்கு உரையே இல்லை. ஒன்றுக்கு அரைகுறை உரையும் மற்றதற்கு உரையின்மையும் அமைந்த பனுவலில் வாசகர் தடுமாறியது வியப்பன்று.

திருத்திய நிரல் தொகுக்கப்பட்டது, இயங்கியது, ஒன்றுக்கொன்று வேறான சாவிகளைத் தந்தது. கலக்கும் முறை தன் உள்ளீடு எவ்வளவு எளியதாயினும் வெளியீட்டைச் சிதறலாகவே காட்டும். ஆகவே இயக்கிப் பார்க்கும் சோதனையால் இக்குறை பிடிபடாது. படித்துப் பார்ப்பதே வழி.

சுருக்கம் அழகாகும் இடம்

சுருக்கும் திருத்தங்கள் அனைத்தையும் ஐயுறுவது மறுகோடியில் விழுவதாகும். லினஸ் டோர்வால்ட்சு 2016ஆம் ஆண்டின் டெட் உரையாடலில் காட்டிய எடுத்துக்காட்டு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. இணைப்புப் பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் வழக்கமான நிரலில், அவ்வுறுப்பு முதலாவதாக இருந்தால் ஒரு விதி, இடையில் இருந்தால் வேறு விதி. உறுப்பைப் பின்தொடராமல், உறுப்பைச் சுட்டும் சுட்டியின் முகவரியைப் பின்தொடர்ந்தால் இரு நிலைகளும் ஒன்றாகிவிடுகின்றன. நிபந்தனை வரி தானே உதிர்கிறது. பொதுவிதி செம்மையுற்றதால் சிறப்புவிதி தேவையற்றுப் போவது இது. இலக்கண நூலார் நாடிய சுருக்கம் இத்தகையது. டெபியன் திருத்தத்தில் விதி எதுவும் செம்மையுறவில்லை. எச்சரிக்கையின் ஒலி மட்டுமே அடங்கியது. ஒரு வரி எதனால் தேவையற்றதாயிற்று என்பதற்குத் திருத்துவோர் பனுவலுக்குள்ளிருந்து காரணம் காட்ட முடிகிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

அரங்கேற்றம்

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப்பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு ஐயம் அறுமாறு உரைக்கப்பட்டதாகச் சொல்கிறது. இங்குக் கருதத்தக்கது அவையன்று. நூல் முழுவதையும் முன்வைத்து வினவக்கூடிய ஆசான் ஒருவர் எதிரே இருந்தமையே. 2006இல் வினா எழுந்தது, விடையும் வந்தது. ஆனால் வினா பிழைதேடலின் சூழலில் கேட்கப்பட்டது. விடையும் அதே சூழலில் சொல்லப்பட்டது. மாற்றம் எல்லாப் பயனர்களுக்கும் செல்லப்போகிறது என்னும் செய்தி இருவருக்குமிடையே நழுவியது. எனவே நிகழ்ந்தது மீளாய்வன்று, இசைவு மட்டுமே.

இச்செய்தி புதுச்சேரியின் ஊர்ப்புறக் கொம்யூன்களுக்கு அயலானதன்று. டெபியனின் சிறுமாநாடு ஒன்று 2023 சனவரியில் விழுப்புரத்தில் நடந்தது. வில்லியனூர் அதே இருப்புப்பாதையில் உள்ள ஊர். அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் கூடியது. இப்பகுதி மாணவர் ஒருவர் கட்டற்ற மென்பொருளுக்கு முதலில் அனுப்பக்கூடியது பெரும்பாலும் சிறு திருத்தமே: எச்சரிக்கை ஒன்றை அடக்குவது, பயனற்றதாகத் தோன்றும் வரியை எடுப்பது. சிறியது என்பதாலேயே அதனை எவரும் ஊன்றிப் படிப்பதில்லை. நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்கியது. கற்பதற்கும் கற்பிப்பதற்கும் நிலையான வருவாய் வேண்டும் என்று ஒன்பதாம் நூற்றாண்டில் எண்ணிய ஊர் இது. இன்று உலகம் சார்ந்திருக்கும் நிரலகங்களின் மீளாய்வோ பெரிதும் ஓய்வுநேர உழைப்பில் நடக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் நெடுங்காலம் அவ்வாறே பேணப்பட்டது.

பின்வந்த உரை

2008இன் மீட்புத் திருத்தம் சேர்க்கும் செயற்கூற்றின் வரியை மட்டும் திரும்ப வைத்தது. மற்றொன்று நீக்கப்பட்டே இருந்தது. இருபது மாதங்களுக்கு முன் செய்திருக்க வேண்டிய பிரிப்பு அது. ஓப்பன்எஸ்எஸ்எலின் பின்னைய பதிப்புகளில் இரு வரிகளுக்கும் உரை சேர்ந்தது. வழங்கும் செயற்கூற்றின் வரியை நீக்கினால் பாதுகாப்புக்குப் பொருட்படுத்தத்தக்க இழப்பில்லை என்று ஓர் உரை விளக்குகிறது. மற்றதில், பின்வரும் வரியை நீக்கலாகாது என்னும் விலக்கு பெரிய எழுத்துகளில் நிற்கிறது. அதன் கீழ், கருவிகள் குறை கூறுமாயின் பிழை அழைப்பவரிடத்தில் உள்ளது என்றும், வரியை எடுத்தால் சாவிகள் வலுவிழக்கும் என்றும் காரணம் தரப்படுகிறது. விலக்கு மட்டும் இருந்திருப்பின் அது கட்டளையாக நின்றிருக்கும். காரணம் சேர்ந்ததால் காண்டிகையாயிற்று. வரியைவிட அதன் உரை பன்மடங்கு நீண்டது. ஆயினும் அதில் மிகைபடக் கூறல் இல்லை.