பாரதியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

சொந்த நூலைப் பற்றி முகநூலில் எழுதக் கூச்சமா? உதறுங்கள், பாரதியே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டவர்தானே! இந்த அறிவுரை எங்கள் வட்டார இளம் எழுத்தாளர்களிடம் வேதவாக்காகிவிட்டது. பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களான எங்களுக்குப் பாரதி பிறந்த எட்டயபுரம் பக்கத்து ஊர் என்பதால் வாதம் கூடுதலாகவே இனிக்கிறது. ஆனால் அது தவறான வாதம்.

சிறு பதிப்பகத்திடம் விளம்பரக் காசு இல்லை. நூறு பிரதி அச்சாகும் முதல் தொகுப்புக்கு வார இதழில் இடமும் இல்லை. சென்னையில் ஆள் தெரியாத ஒட்டப்பிடாரத்துக்காரர் தன் நூல் வந்திருப்பதைத் தானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? அட்டைப்படம், விலை, கிடைக்கும் இடம், இவற்றை அறிவிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரியம் அதோடு நிற்பதில்லை. உள்பெட்டிக்கு வந்த பாராட்டு ஸ்கிரீன்ஷாட்டாக மேலேறுகிறது, மறுநாள் இன்னொன்று. கீழே "வாழ்த்துகள் அண்ணே", "அருமை தோழர்", "அவசியம் வாசிக்கிறேன்". பக்கம் பிரித்துப் பார்த்த ஒருவரின் குரல் அந்த வரிசையில் கேட்பது அபூர்வம்.

பாரதி செய்தது இதையா? 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அனுப்பிய சீட்டுக்கவியில் தன் பெருமையை ஓங்கித்தான் சொன்னார். 1920-ல், தன் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் பிரதி அச்சிடப்போவதாகக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்றுத் தீரும் என்றார். தற்புகழ்ச்சி தகாது என்று விதித்த நன்னூல், புலவனுக்கு நான்கு இடங்களில் மட்டும் அதை அனுமதிக்கிறது: அரசவைக்கு ஓலைக்கவி விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவரிடையே, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழித்தபோது. சீட்டுக்கவி முதல் இடத்தில் பொருந்துகிறது, சுற்றறிக்கை இரண்டாவதில். முகநூல் எழுத்தாளரும் அந்த இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார். ஆனால் அவருடைய நட்புப் பட்டியலில் இருப்பவர்கள் அவரை முன்பே அறிந்தவர்கள். அறிந்தவர்களிடம் நாள்தோறும் சொல்வதற்கு நன்னூலில் இடமில்லை.

என் நெடுநாள் மனக்குறை வேறு. நூலாசிரியர் ஓயாமல் பேசும் இடத்தில் வாசகருக்கு வாய் அடைத்துப்போகிறது. மூன்றாவது கதை சரியாக வரவில்லை என்று எழுத நினைக்கிறவர், அந்தப் பதிவில் ஆசிரியரை டேக் செய்ய வேண்டியிருக்கும். செய்யாவிட்டாலும் பத்தே நிமிடத்தில் அவர் வந்து நிற்பார், பின்னாலேயே அவருடைய நண்பர்களும். மனத்தாங்கல் எதற்கு என்று வாசகர் இதயக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு நகர்கிறார். எழுத்தாளர்களோ இவர் நூலுக்கு அவரும் அவர் நூலுக்கு இவருமாக மொய் எழுதிக்கொள்கிறார்கள். இது வெறும் தொந்தரவு இல்லை, திறனாய்வையே கொல்லும் வேலை. கூச்சத்தை நோய் என்கிறவர்கள் அது எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று யோசிப்பதேயில்லை. தன் எழுத்தின் தரத்தைத் தானே தீர்மானிக்க முடியாது என்ற அறிவு அந்தக் கூச்சத்துக்குள் இருக்கிறது. அதை உதறியவர் நல்ல விற்பனையாளர் ஆகலாம். தன் அடுத்த நூலைத் திருத்திக்கொள்ளும் வழியை இழந்துவிடுகிறார்.

தானே சொன்னால்தான் பெயர் நிற்கும் என்பதில்லை. 1801-ல் ஆங்கிலேயர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய பிறகும் கட்டபொம்மன் பெயர் நின்றது, பெயர் தெரியாத பாடகர்கள் ஊர் ஊராகப் பாடிய கதைப்பாடல்களால். பாரதிக்கும் அவர் சுற்றறிக்கை கைகொடுக்கவில்லை. அந்த நாற்பது நூல் திட்டம் நிறைவேறாமலே 1921-ல் அவர் மறைந்தார். அவருடைய இடம் பின்னால் ஒரு சண்டையில் உறுதிப்பட்டது. 1930-களின் நடுவில் எழுத்தாளர் வ.ரா. அவரை உலகக் கவிகளோடு சேர்த்துப் புகழ, கல்கி அதை ஏற்க மறுத்து எழுதினார். கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் கவிதைகளை எடுத்து வைத்துப் பதில் சொன்னார்கள். அந்தக் கட்டுரைகள் 1937-ல் 'கண்ணன் என் கவி' என்று நூலாயின. யாரும் யாருக்காகவும் குரலைத் தணித்துக்கொள்ளவில்லை. அப்படி மறுத்த அதே கல்கிதான் பின்னர் தம் பத்திரிகையில் வாசகர்களிடம் நிதி திரட்டினார்; எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் 1947-ல் திறக்கப்பட்டது.